விடங்கன் துரத்திய மணி

இந்தக் கதையில் ஓர் இடத்தில் சிரிப்பு வரும். வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனால் இப்போது இல்லை. எந்த இடம் என்று சொல்லவும் மாட்டேன். யாராவது முந்திக்கொண்டு சிரித்தால் கதையை முதலிலிருந்து சொல்வேன். உங்கள் பாடு.

ராஜாக்களுக்கு இன்னும் மீசை முளைக்காத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மஞ்சுமலை என்று ஒரு மலை இருந்தது. விடிந்தால் மேகம் வந்து அதன்மேல் உட்காரும். உச்சிப்பொழுதுக்கு மேல்தான் எழுந்து போகும்.

மலைமேல் மேலக்காடு என்று ஒரு சிற்றூர். அடிவாரத்தில் தாழையூர் என்று ஒரு பெரிய ஊர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓடை. கோடை மூன்று மாதமும் அதில் ஓர் ஊருக்குத்தான் தண்ணீர் காணும். அந்த ஊர் எது என்று தீர்க்கத்தான் வருஷத்துக்கு ஓர் ஓட்டம் வைத்தார்கள்.

அடிவாரத்தில் சுமைதாங்கிக் கல் ஒன்று உண்டு. சூரியன் எழும்போது அங்கிருந்து கிளம்ப வேண்டும். உச்சியில் ஒரு பெரிய முரசு தொங்கும். அதை முதலில் அடிக்கிறவருடைய ஊருக்குத் தண்ணீர். வழி? அவரவர் இஷ்டம். பாறை ஏறலாம், ஓடைக்குள்ளேயே நடக்கலாம், பொதிமாடுகள் போகிற பாதையில் மலையைச் சுற்றிக்கொண்டும் போகலாம். இவை போக மலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த குறுக்குத் தடங்கள் நூறு உண்டு.

ஒரே ஒரு வழக்கம். மேகத்துக்குள் கரடி எதிரே நின்றாலும் தெரியாது. அதனால் ஓடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கல மணி கொடுப்பார்கள். மணி கேட்டால் கரடி ஒதுங்கிப் போய்விடும்.

தாழையூருக்காக ஓடியவன் பெயர் விடங்கன். நல்ல கால்கள். நல்ல மூச்சு. குரல் மட்டும் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். மலைத்தடம் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதும் இல்லை.

முதல் வருஷம் தன் மணிக்குள் பஞ்சை அடைத்தான். மேலக்காட்டுத் தேனெடுப்பவனின் மணிச்சத்தத்தை ஒட்டி, ஒரு வளைவு பின்தங்கி, பூனைபோல் போனான். உச்சிக்குக் கீழே புல்வெளி வந்ததும் ஒரே ஓட்டம். முரசை அடித்துவிட்டான்.

இரண்டாம் வருஷம் கிழங்கு தோண்டுகிறவனின் மணி. அதே பஞ்சு. அதே புல்வெளி.

மூன்றாம் வருஷம் மூங்கில் வெட்டுகிறவனின் மணி. அதே பஞ்சு. அதே புல்வெளி.

கரடி வந்தால் என்ன செய்வான் என்று கேட்கிறீர்களா? கரடிக்குத்தான் முன்னால் போகிறவனின் மணி கேட்குமே. அதிலும் அவனுக்குச் செலவில்லை.

மேலக்காட்டுக்காரர்கள் போய் முறையிட்டார்கள். ஓட்டத்தை நடத்திய கட்டியப்பனார் மூக்கால் பேசுகிறவர். வழி யாருக்கும் சொந்தமில்லை, பின்னால் வருகிறவனைத் தடுக்க விதியும் இல்லை என்று மூக்காலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மூன்று கோடையிலும் மேலக்காட்டின் கேழ்வரகு கருகியது. முதல் கோடையில் மாடுகளை விற்றார்கள். இரண்டாம் கோடையில் விதைத் தானியத்தைத் தின்றார்கள். மூன்றாம் கோடையில் பாதி வீடுகளில் ஆளில்லை. இந்த முறையும் தண்ணீர் போனால் மீதிப் பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நான்காம் வருஷம் ஓட ஒருவரும் முன்வரவில்லை. ஓடி என்ன பயன் என்றார்கள். கடைசியில் மாதி என்ற பெண் வந்தாள். கேழ்வரகு விதைக்கிறவள். சின்ன வயதில் பாறையிலிருந்து விழுந்ததில் ஒரு கால் கொஞ்சம் இழுக்கும்.

சுமைதாங்கிக் கல்லருகே விடங்கன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன தாயி, ஊர்ல கால் ரெண்டும் நல்லா இருக்கிற ஆளு கிடைக்கலையா?" என்றான், குடத்துக்குள்ளிருந்து.

மாதி மணியைக் கையில் வாங்கிக்கொண்டு கட்டியப்பனாரிடம் திரும்பினாள்.

"ஐயா, இதை இடுப்புலதான் கட்டணுமா?"

"கரடிக்குக் கேட்டாச் சரி. எங்கே கட்டினா எனக்கென்ன, கிளம்பு தாயி," என்றார் அவர்.

கிளம்பினார்கள். மாதி முதல் வளைவு திரும்பியதும் மேகம் அவளை மூடிக்கொண்டது. விடங்கன் வழக்கம்போல் நின்று, நிதானமாகப் பஞ்சை அடைத்தான்.

முதல் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு புதர். புதரில் ஓர் ஆடு கட்டியிருந்தது. மாதியின் ஆடு. பெயர் கொம்பி. யார் பேச்சும் கேட்காது. தழை கண்ட இடத்தில் நிற்கும், தழை தீர்ந்தால் நடக்கும், வீடு என்று ஒன்று இருப்பதே அதற்கு நினைவிருக்காது.

மாதி மணியைக் கொம்பியின் கழுத்தில் கட்டினாள். கயிற்றை அவிழ்த்தாள். பிறகு சத்தமில்லாமல் விலகி, பொதிமாட்டுப் பாதையில் ஏறினாள்.

சிரிக்காதீர்கள். இன்னும் இல்லை.

டிங், டிங் என்று மணி பாறைமேல் ஏறியது. விடங்கனும் ஏறினான். பாறை செங்குத்தாக இருந்தது. முட்டி இரண்டும் தேய்ந்து ரத்தம் வந்தது. "இழுக்கிற காலை வச்சுக்கிட்டு என்னமா ஏறுறா," என்று மெச்சிக்கொண்டான்.

டிங், டிங் என்று மணி முட்புதருக்குள் போய் அங்கேயே நின்றது. விடங்கன் வெளியே குந்தினான். நெடுநேரம் ஆயிற்று. அவன் குந்திய இடம் செவ்வெறும்புப் புற்று. கத்தினால் அவள் உஷாராகிவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டான். "மூச்சை மிச்சம் பிடிக்கிறா. கெட்டிக்காரி."

டிங், டிங் என்று மணி மறுபடி கீழே இறங்கியது. விடங்கன் கொஞ்சம் யோசித்தான். முன்னால் கரடி வாடை அடித்திருக்கும், சுற்றிப் போகிறாள் என்று முடிவுகட்டினான். இறங்குகையில் காலடியில் ஏதோ உருண்டது. குனிந்து பார்த்தான். ஆட்டுப் புழுக்கை. "ஆட்டுத்தடம் வழியாப் போறாளா. இதை நாமளா கண்டுபிடிக்க முடியுமா?" என்று மகிழ்ந்தான்.

பொதிமாட்டுப் பாதையில் மாதி நடந்துகொண்டிருந்தாள். அந்தப் பாதையில் ஓட்டக்காரர்கள் யாரும் கால் வைத்ததில்லை. அவ்வளவு சுற்று. உப்பு மூட்டையும் மாடுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்ததால் கரடி பயம் இல்லை. உப்பு வியாபாரி ஒருவர் அவளை அடையாளம் கண்டு, ஓட்டம் நடக்கிறதே, நீ என்னம்மா நடக்கிறாய் என்று கேட்டார்.

"கால் இழுக்குது அண்ணே. எனக்கும் சேர்த்து அங்க ஒருத்தர் அலைஞ்சுக்கிட்டிருக்காரு," என்றாள்.

சொன்னாளே தவிர மனம் பதறிக்கொண்டேதான் இருந்தது. கொம்பி ஒரு முறை கத்தினால் போதும், எல்லாம் போச்சு. ஒவ்வொரு வளைவிலும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். கருகிய வயல்கள் கண்முன் வந்தன. காலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கொம்பி கத்தவில்லை. வாய் ஓயாமல் தழை இருக்கும்போது யார் கத்துவார்கள்?

உச்சிப்பொழுது தாண்டியது. மணி மறுபடி பாறைக்கு வந்தது. மறுபடி முட்புதருக்குப் போனது. விடங்கன் மறுபடி அதே புற்றில் குந்தினான். புல்வெளி இன்னும் வரவில்லையே என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அவளுக்குத் தெரியாத வழியா என்று அதை உள்ளே தள்ளினான்.

அப்போது மலை அதிர்ந்தது.

தும்.

தும்.

தும்.

முரசுதான். அவனே மூன்று முறை அடித்த முரசு, சத்தம் தெரியாதா? விடங்கன் விரல்விட்டு எண்ணினான். ஓடினது ரெண்டு பேர். ஒருத்தன் நான், இங்கே குந்தியிருக்கிறேன். இன்னொருத்தி மாதி, அவள் மணி இதோ பத்தடியில் கேட்கிறது. அப்படியென்றால் முரசை அடித்தது யார்?

மறுபடி எண்ணினான். மூன்றாவது முறையும் எண்ணினான். ரெண்டு பேர்தான்.

டிங், டிங்.

மேகம் மெல்ல எழுந்து போனது. விடங்கன் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் முட்களை விலக்கினான்.

கொம்பி தலையைத் தூக்கிப் பார்த்தது. வாயில் பாதித் தழை தொங்கியது. கழுத்தில் மணி. காலையிலிருந்து தன் பின்னாலேயே வருகிறவனை அப்போதுதான் முதல்முறையாக நேருக்கு நேர் கண்டது. மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மே" என்றது.

விடங்கனின் வாய் திறந்தது. குடத்துக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"நீயா?"

இப்போது சிரியுங்கள்.

சிரித்து முடித்ததும் இதை நினைவில் வையுங்கள்: தன் வழியைத் தானே தேடாமல் அடுத்தவர் தடத்தைத் திருடியே முந்தப் பார்க்கிறவன், தான் யார் பின்னால் போகிறோம் என்றுகூட அறியாமல் போய் நிற்பான்.