மாடி வீட்டுப் புலிக்கு வெதுவெதுன்னு கறி

ஒரு ஊர்ல ஒரு புலி இருந்துச்சு. காட்டுல இல்லடி, மாடி போர்ஷன்ல. கீழ் வீட்டு செங்கமலம்தான் வீட்டுக்காரம்மா. சாப்பாட்டோட சேத்து வாடகைக்கு விட்டிருந்தா. சிரிக்காத, ம் கொட்டு. ம்...

செங்கமலம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து பச்சைக் கறிய எடுத்து அப்படியே தட்டுல வெப்பா. ஒரு நாள் புலி ஒரு கடி கடிச்சுது, பல்லெல்லாம் கிடுகிடுகிடுன்னு ஆடிப்போச்சு.

"ஐயோ, பல்லு கூசுதே! இந்தாம்மா, கறி வெதுவெதுன்னு இருக்கணும். ஆனா வேகக் கூடாது. வெந்தத நான் தொட மாட்டேன்."

"வேற என்னத்தத் தின்னுவே?"

"நீ வெதுவெதுன்னுதானே இருக்கே?"

செங்கமலம் தட்டத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடினா.

அப்போ அவ கறிய அடுப்புல வெச்சா. லேசா சூடு ஏறினதும் எறக்கிடலாம்னுதான் நெனச்சா. பழகின கை சும்மா இருக்குமா? வெங்காயம் போட்டுச்சு, மஞ்சத்தூள் போட்டுச்சு, கறிவேப்பிலைய சடசடன்னு தாளிச்சுது. வாசனைக்கு எதிர்வீட்டுக்காரங்க தட்டோட வந்துட்டாங்க. புலி மட்டும் மூக்கப் பொத்திக்கிச்சு. "இது கொழம்பு! உர்ர்ர்..."

அப்புறம் அவ அடைக்கோழியத் தூக்கிட்டு வந்து கறி மேல உக்கார வெச்சா. கொக் கொக் கொக். கறி நல்லா எதமா ஆச்சு. புலி வாய வெக்கப் போச்சு பாரு, கோழி மூக்குலயே லொட்டுன்னு ஒரு கொத்து! "எம்புள்ளயத் தொடுவியா?"ன்னு கறியக் கவ்விக்கிட்டு கொல்லைக்கு ஓடிடுச்சு. அந்தக் கறிக்கு மாசிலாமணின்னு பேரே வெச்சிடுச்சுடி!

தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ புலி மாடிப்படில எறங்கி வருது. தொம். தொம். தொம். பசில கண்ணு செவந்து கெடக்கு. செங்கமலம் அழுதுட்டா, பாவம். அழுதுக்கிட்டே, பச்சப்புள்ளைய குளிப்பாட்டற மாதிரி அண்டால வெந்நி வெளாவினா. முழங்கைய விட்டுப் பாத்தா, சூடு. இன்னும் ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தினா. மிச்சமிருந்த கறியக் கிண்ணத்துல வெச்சு அதுல மெதக்க விட்டா. அப்புறம் கறிய புறங்கையால தொட்டுப் பாத்தா.

"எதமா இருக்கு, வா."

லபக்!

புலி வாய நக்கிக்கிட்டு, கிட்ட வந்து அவளையும் மோந்து பாத்துச்சு. "நீயும் இதே பதத்துலதான் இருக்கே"ன்னுச்சு. செங்கமலம் கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.

புலி ரொம்ப நேரம் யோசிச்சுது. அப்புறம் பெருமூச்சு விட்டுச்சு.

"ஆனா உன்னத் தின்னுட்டா, நாளைக்கு எனக்கு யாரு வெந்நி வெளாவுவா?"

புலி மாடிக்குப் போச்சு, கதையும் படியேறிப் போச்சு. கண்ண மூடுடி, தங்கம்.