மூச்சு வாங்கிய அதிகாரி

ஆம்புலன்ஸ் அழைப்புகளை ஏற்கும் இயந்திரக் குரல், அனுமதிக்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் அனுமதி தரும் ஆணையத்தின் அதிகாரி அதைச் சோதிக்க வந்தார். ஏசி அறையில் அமர்ந்து, "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்றார். வண்டி அனுப்புவதாக இயந்திரம் உடனே சொன்னது.

"இதுமேல புகார் குடுத்தது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தாங்க" என்றாள், தரை துடைத்துக்கொண்டிருந்த பூவாயி.

"இப்பவே நிரூபி. இல்லன்னா வேலை போயிடும்."

"நாலு மாடி ஓடி ஏறி எறங்கிட்டு, அதையே பேசுங்க சார்."

சிரித்துக்கொண்டே ஓடினவர், மூச்சிரைக்கத் திரும்பினார். "நெஞ்சு... வலி..."

"புரியவில்லை. தெளிவாகப் பேசவும்" என்றது இயந்திரம், திரும்பத் திரும்ப.

அதிகாரி அனுமதி முத்திரையைக் குத்தாமலே பைக்குள் போட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர் கடைசியாப் பேசினது இதுகிட்டதாங்க. நீங்க போன மாசமே படியேறியிருக்கலாம்."