ம் கொட்டியவர்

ஆஸ்பத்திரியின் கணினி அறையில் குருவைவிடச் சீடர் மூத்தவர். அதனால் குரு ஹசீனா சீடரை அண்ணே என்பார். ஐம்பதைத் தாண்டிய சீடர் சூசைமாணிக்கம் குருவை மேடம் என்பார். இருவருக்கும் அதில் சங்கடமில்லை.

அன்று சீடருக்கு ஒன்றும் புரியவில்லை. லேப் ரிப்போர்ட்டுகளை வார்டுக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்று, யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கண்காணிக்க அவரே ஒரு காவல் புரோகிராம் எழுதியிருந்தார். ‘இருக்கியா?’ என்று அது அடிக்கடி கேட்கும். ‘இருக்கேன்’ என்று பதில் வந்தால் திரையில் பச்சை விளக்கு எரியும்.

காலை முழுக்கப் பச்சைதான் எரிந்தது. ஆனால் ஒரு ரிப்போர்ட்கூட வார்டுக்குப் போகவில்லை. ரத்த ரிப்போர்ட் வராததால் ஆபரேஷன் தள்ளிப்போய் ஓர் அம்மா, பாவம், வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். ரிப்போர்ட் அனுப்பும் புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாயிற்று. இனி அதை நம்பலாமா என்று கேட்டு டாக்டர் போன் செய்வார். என்ன சொல்வது?

“செத்திருந்தா சிவப்பு வந்திருக்கும் மேடம். கேட்டப்பல்லாம் பதில் சொல்லிச்சே. அப்புறம் எப்படி?”

ஒரு கதை சொல்கிறேன், ம் கொட்டுங்கள் என்றார் ஹசீனா. இந்த நேரத்தில் கதையா என்று சீடருக்கு எரிச்சலாக வந்தது. குருவாயிற்றே என்று தலையாட்டி வைத்தார். கண் திரையைவிட்டு நகரவில்லை.

“ஒரு ஊர்ல ஒரு ராஜா.”

“ம்.”

“அவர்கிட்ட ஒரு வெள்ளைக் குதிரை.”

“ம்.”

“ராஜாவுக்கு நல்ல பசி. குதிரையைத் தோசைக்குள்ள வச்சுச் சுருட்டித் தின்னுட்டார்.”

“ம்.”

“அப்புறம் அதே குதிரையில ஏறி வேட்டைக்குப் போனார்.”

“ம்.”

ஹசீனா கதையை நிறுத்திவிட்டார். அறையில் ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

“ம்” என்றார் சீடர்.

“ராஜா என்ன சாப்பிட்டார் அண்ணே?”

சூசைமாணிக்கம் திரும்பிப் பார்த்தார். யோசித்தார். எங்கே தேடியும் ராஜா அகப்படவில்லை. வெட்கமாகப் போயிற்று.

“கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் மேடம்.”

“ஆமா. ம் கொட்டுனீங்களே.”

போன் அடித்தது. டாக்டர்தான். இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கேட்டார்.

திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாய்வரை வந்த ‘ம்’மைச் சூசைமாணிக்கம் விழுங்கிக்கொண்டார்.

“அந்த அம்மாவோட ரிப்போர்ட் உங்க கைக்கு வந்துச்சா டாக்டர்? அதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிங்க.”