நாண் அவுத்த வில்லு

பீடி இலை வெட்டிக்கிட்டே சொல்லுதேன், நீ இந்தப் பக்கமா படுத்துக்கோ எய்யா. பீடித் தட்டுல காலை வைக்காத. ம் சொல்லணும், இல்லன்னா நான் முதல்ல தூங்கிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு வில்லுக்காரன். பேரு வண்ணமுத்து. துப்பாக்கியெல்லாம் வராத காலம், சண்டைன்னா வில்லுதான். அப்போ அவன் ராசாவுக்கும் ஆத்துக்கு அந்தக் கரை ராசாவுக்கும் சண்டை வந்துட்டு. இந்தக் கரையில ஒரு படை, அந்தக் கரையில ஒரு படை. எவன் முதல்ல அம்பு விடுவானோன்னு ரெண்டு ராசாவுக்கும் பயம்.

"ம்."

அப்புறம் நம்ம ராசா சொல்லிட்டாரு. "எந்நேரமும் நாண் ஏத்தியே இருக்கணும். அவுக்குறவன் கையை வெட்டிருவேன்." நாண்னா வில்லுல கட்டுற கயிறு. அதை மாட்டுனா வில்லு குனியும், அவுத்தா நிமிரும். குனிஞ்சே கிடந்துச்சுன்னா அப்படியே பழகிப்போயி, பொறவு இழுத்தா விசையே இருக்காது. அதுக்கும் நம்மள மாதிரி முதுகுதான எய்யா.

இது அங்க எல்லாருக்கும் தெரியும். யாரு போயி ராசாகிட்ட சொல்ல?

மொத நாளு ராத்திரி வண்ணமுத்து கம்பளிக்குள்ள நாணை அவுத்துட்டு, வில்லைக் கட்டிப்பிடிச்சுப் படுத்தான். விடியுமுன்ன ஏத்திரணும். பக்கத்துல கிடந்தவன், "என்னடே, வில்லுக்குத் தாலாட்டா?"ன்னான். "போடே, குளிருது." ரெண்டாம் நாளு மழை, சடசடசடன்னு. தளபதி வந்து கம்பளியை மிதிச்சாரு. "உள்ள என்னடா?" "காய்ச்சல் ஐயா, ஒட்டிக்கும்." அவரு நகந்துட்டாரு. மூணாம் நாளு யாரும் வரல. பயத்துல இவன்தான் தூங்கல.

"ம்."

விடிஞ்சதும் சங்கு ஊதிட்டாங்க, பூம்ம்ம். மத்தவங்க எல்லாரும் இழுத்து விட்டாங்க. சளக். சளக். அம்பெல்லாம் நடு ஆத்துல. அந்தக் கரைக்காரன் அம்பும் நடு ஆத்துல. அந்த ராசாவும் இதே கட்டளைதான் போட்டிருக்காரு.

"சிரிச்சாங்களாம்மா?"

எங்க சிரிக்க, நின்னு நின்னு கால் வீங்கிக் கிடக்கு. அப்போ தளபதி, "வண்ணமுத்து, நீ மட்டும் இன்னும் விடல, விடு"ன்னாரு. இவன் வில்லுல மட்டும் உசுரு இருக்கு. விட்டா நேரா எதிர்ல நிக்கவன் நெஞ்சுல போயி தைக்கும். அம்பு அங்க போச்சுன்னா, நாணை அவுத்தது தெரிஞ்சு இவன் கையும் போயிரும். அந்த எதிராளி தலைப்பாகையை உருவி மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு நிக்கான்.

வண்ணமுத்து பல்லைக் கடிச்சான். முழுசா இழுக்குற மாதிரி பாதிதான் இழுத்தான். விட்டான்.

"எங்க விழுந்துச்சு?"

சளக்.

ராசா பெருமூச்சு விட்டாரு. "செத்த வில்லை வச்சுக்கிட்டு என்ன சண்டை? வீட்டுக்குப் போங்கடா." அந்தக் கரையிலயும் அப்பவே கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அப்புறம் வண்ணமுத்து நடந்து நடந்து வீடு வந்து சேந்தான். பொண்டாட்டி கதவைத் திறந்தா. செயிச்சியா தோத்தியான்னு ஒண்ணும் கேக்கல. அவன் கை ரெண்டையும் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்தா. வெந்நீர் வச்சுக் குடுத்தா. அவன் ரெண்டு கையையும் அதுக்குள்ள விட்டு, அப்படியே கண்ணை மூடி...

"ஏ மாரிச்செல்வி, குழாயில தண்ணி வந்துட்டு. குடத்தை எடுத்துட்டு வா."

வாரேன் அத்தை. எய்யா, அவன் அசந்து தூங்கிட்டான், அம்புட்டுதான் கதை. நீயும் கண்ணை மூடு, அம்மா ரெண்டு குடம் பிடிச்சு வச்சுட்டு வந்து படுக்கேன்.