ஒரு கூடை உரம்

“இன்னும் நாலு வார்த்தை சொல்லுங்கம்மா. நெஞ்சில உரம் பத்தல” என்றார் மாசிலாமணி.

ஆசிரமத்துக்கு வந்து நான்கு வருடம். தினமும் உட்கார்ந்து கேட்டவர்தான். இன்னும் நாலு வார்த்தை வேண்டுமாம்!

கடலை விளைச்சல் பொய்த்த வருடம், மனைவியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பி வந்தவர் அவர். இன்று அவளிடமிருந்து கடிதம் வந்திருந்தது.

‘உழுது போட்டுட்டேன். விதைக்க வாங்க.’

அவ்வளவுதான். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஆசிரமத்தை நடத்தும் குருவம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“கூடையில என்னண்ணே?”

“உரம்மா. பூசணிக்குப் போடப் போறேன்.”

கூடை நிறையப் பச்சைச் சாணி.

“அட, இவ்வளவு இருக்கே! அள்ளி நெஞ்சில பூசிக்கங்க.”

“விளையாடாதீங்கம்மா. அந்த உரம் வேற, இது வேற.”

“பேரு ஒண்ணுதானே. எது முந்தி?”

மாசிலாமணி யோசித்தார்.

“நெஞ்சில உள்ளதுதான் முந்தியா இருக்கும். உரம்னா பலம். போட்டா செடிக்குப் பலம் வரும்னு எருவுக்கும் அந்தப் பேரையே வச்சிருப்பாங்க.”

“வந்துச்சா?”

மாட்டுக் கொட்டகை ஓரம் அவர் நட்ட பூசணிக்கொடி மஞ்சளாகி வதங்கிக் கிடந்தது. பச்சைச் சாணி சூடு என்று அவருக்குத் தெரியாதா? ஒருமுறை பொய்த்த பயம். தினம் ஒரு கூடை கொட்டாமல் கை நிற்கவில்லை.

குருவம்மா வேலிப் பக்கம் திரும்பினார். அங்கே இன்னொரு கொடி வேலி மேல் ஏறி மூன்று காய் பிடித்திருந்தது.

“அதுக்கு?”

“நட்ட அன்னைக்கு ஒரு கை மக்கின எரு. அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கல.”

“அப்ப அதுக்கு உரம் யாரு போட்டா?”

மாசிலாமணி வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நாலு வருஷத்துல நான் உங்களுக்கு எத்தனை கூடை கொட்டியிருப்பேண்ணே?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. கூடையை இறக்கி வைத்தார்.

“மூணு மணி பஸ் நம்ம வாசல்ல நிக்குமாம்மா?”

“கை காட்டினா நிக்கும்.”