வடிவு கையில் ரசக்கரண்டி

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்த மடத்தில் மதியப் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. பரிமாறுகிறவர் தொடர்ந்து மூன்று நாள் இலைக்கு வெளியே சிந்தினால், கரண்டியை வாங்கிவிடுவார்கள். கரண்டி போனால் வேலை போயிற்று. வேலை இல்லாதவர் மடத்தில் தங்க முடியாது.

மடத்தின் தலைவி உலகம்மை. வயது நாற்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்க வந்து அங்கேயே தங்கிவிட்ட சீடர் பிறவிப்பெருமாளுக்கு அறுபத்தாறு. முப்பது வருஷம் ஜில்லா கோர்ட்டில் வாதாடியவர். ஞானம் தேடி வந்தவர் சும்மா இருக்க வேண்டாமே என்று பந்தி மேற்பார்வையை அவருக்குக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கவே கூடாது. மனுஷர் மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை, பந்தி முடிந்த கையோடு, நோட்டும் தானுமாக உலகம்மை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ரசம் ஊத்துத வடிவு இன்னைக்கும் சிந்திட்டா. மூணாவது நாள். கரண்டியை வாங்கிரணும்."

வடிவு பத்தொன்பது வருஷமாக மடத்தின் பின்கட்டில் இருப்பவள். போவதற்கு அவளுக்கு வேறு வீடு கிடையாது. இது வக்கீலுக்கும் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

"இத்தனை வருஷமா சிந்தலையே?" என்றார் உலகம்மை.

"சிந்தியிருப்பா. யாரும் பாக்கலை. நான் பாக்கேன்."

"எப்படிப் பாக்கீங்க?"

"பக்கத்துலயே நிப்பேன். கரண்டி வாளியை விட்டுக் கிளம்பி இலைக்கு வார வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன்."

"சோறு போடுதவங்களையும் இப்படித்தான் பாக்கீங்களா?"

"அவங்கதான் சிந்த மாட்டாங்களே. வடிவுதான் சிந்துவா. அதனால அவளைப் பாக்கேன். பாத்தா, சிந்துதா. அப்ப நான் பாத்தது சரிதானே?"

எதிர்க்கட்சி வக்கீலை மடக்கிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"அவதான் சிந்துவான்னு எப்படித் தெரியும்?"

"ஊரே சொல்லுதே அம்மா. சிந்துததுக்குப் பேரே 'வடிவு போடுதது'ன்னு ஆயிட்டு. யார் கை தவறினாலும் 'வடிவு போட்டுட்டான்'னுதான் சொல்லுதாங்க. காரணம் இல்லாம அப்படி ஒரு பேச்சு வருமா?"

அது உண்மைதான். தம்ளர் நழுவினால் 'வடிவு போட்டுட்டியா?' பூக்கூடை கவிழ்ந்தால் 'வடிவு போட்டுட்டான்.' காதில் விழும்போதெல்லாம் வடிவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கரண்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அப்படிப் பிடித்த கரண்டி சிந்தாமல் என்ன செய்யும்?

உலகம்மை மறுத்துப் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"உத்தரவை நீங்களே எழுதுங்க வக்கீலய்யா. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமே."

வக்கீலுக்கு உச்சி குளிர்ந்தது. சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்தார். உலகம்மை நகர்ந்து வந்து, பேனா முனைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டார். கண்ணை எடுக்கவில்லை.

முதல் வரி நன்றாகவே வந்தது.

"பாத்து. மை சிந்திரும்," என்றார் உலகம்மை.

"அம்பது வருஷமா எழுதுதேன் அம்மா."

"தெரியும். எழுதுங்க."

இரண்டாம் வரியில் மை கொட்டியது. வக்கீல் வேறு தாள் எடுத்தார். உலகம்மை அவருடைய நோட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை சங்கரவடிவு என்ற வடிவின் முழுப்பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது. பென்சில் நோட்டில் ஏதோ குறித்தது.

"மூணாவது தாள்," என்றார் உலகம்மை, மெல்ல.

மூன்றாவது தாளில் பிறவிப்பெருமாள் தன் பெயரையே தப்பாக எழுதினார்.

பேனாவைத் தரையில் டக்கென்று வைத்தார். "நீங்க இப்படி உத்து உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிம்மா எழுதுவான்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அவமானமாக இருந்தது. பின்கட்டில் வடிவு பாத்திரம் தேய்க்கிற சத்தம் வேறு கேட்டுக்கொண்டிருந்தது.

இருந்தாலும் வக்கீல் வக்கீல்தான்.

"சரிம்மா. ஆனா ஆரம்பம்னு ஒண்ணு இருக்கணும்லா? அவ முதல்ல சிந்தின நாள் இதுல இருக்கும்."

நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டினார். 'வடிவு - கவனிக்கவும்' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. சிந்தினதாக ஒரு வார்த்தை இல்லை.

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"பேச்சு அடிபட்டுது அம்மா."

"எதனால அடிபட்டுது?"

"நான் அவ பக்கத்துல நிக்கதைப் பாத்து சனங்க பேசியிருக்கும்."

"அவ பக்கத்துல எதுக்குப் போய் நின்னீங்க?"

"நோட்டுல எழுதியிருந்துதே..." என்று ஆரம்பித்த வக்கீல் பாதியில் நிறுத்தினார்.

நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "அப்ப யார் மேலம்மா தப்பு?"

"நாளைக்கு நீங்களும் பந்தியில உக்காந்து சாப்பிடுங்க. ரசம் வரும்போது பக்கத்து இலைக்காரரோட பேசிக்கிட்டு இருங்க."

"மேற்பார்வை?"

"நோட்டு என்கிட்ட இருக்கட்டும்."

"உத்தரவு?"

"அதுதான் இன்னும் எழுதி முடியலையே."

மறுநாள் வக்கீல் பந்தியில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் ஒரு லாரி டிரைவர். வாளியின் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம் வரிசையில் நெருங்கி வந்தது. வக்கீலின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பிடித்து நிறுத்தினார். லாரிக்கு எத்தனை டயர் என்று டிரைவரிடம் கேட்டார். பதில் வந்த பிறகு, அதையே மறுபடியும் கேட்டார். டிரைவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். அதற்குள் ரசம் சோற்றில் இறங்கியிருந்தது. வடிவு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

பந்தி எழுந்து, இலை எடுத்து, தரையைக் கழுவித் தள்ளினார்கள். வக்கீல் ஈரக் கையோடு உலகம்மையிடம் ஓடினார். தீர்ப்பு நாளில்கூட அவர் அப்படி ஓடினதில்லை.

"அம்மா, நான் பாக்கவே இல்லை. சத்தியமா. வடிவு இன்னைக்குச் சிந்தினாளா?"

"தெரியலையே வக்கீலய்யா. நானும் பாக்கலை."