வெண்சேவல் சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில், வானத்தில் சூரியனும் அரண்மனையில் வெண்சேவலும் இருக்கும்வரை அழிவே இல்லாத ராஜ்ஜியம் ஒன்று இருந்தது. சூரியன் தினமும் உதித்தது. சேவல்தான் ஒருநாளும் கூவியதில்லை. "ராஜசேவல் கண்டபடி கூவாது" என்று சொல்லி வைத்திருந்தார் பேரமைச்சர் தர்மசேனர். அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்துப் பட்டுச் சால்வை வாங்கியவர் அவர்தான்.

அரண்மனைக் கோழிகள் அத்தனையும் வெள்ளை. அந்த வருஷம் பொரித்த குஞ்சுகளுக்கு இறகு முளைத்தபோது ஒன்று செவலை, ஒன்று கரிக்கட்டை, ஒன்று சாம்பலில் புள்ளி, ஒன்றுக்குக் கழுத்தில் மட்டும் பொன்னிறம். சபையில் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரபு, மதிலுக்கு அந்தப் பக்கம் விகடன் சாத்தனின் கொல்லை. அங்கே ஒரு கலப்புச் சேவல் திரிகிறது. அதன் இறகில் இல்லாத நிறம் வானவில்லிலும் இல்லை" என்றார் தர்மசேனர்.

மன்னரின் மீசை துடித்தது. "சாத்தா! என் சேவலின் வம்சத்தில் கைவைத்தது உன் சேவலா?"

"சேவலுக்குக் கை ஏது, பிரபு?"

"வாயை மூடு! குஞ்சுகள் யாருடையவை என்று பொழுது சாய்வதற்குள் என் வெண்சேவலே சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் உன் சேவல் குழம்பில், நீ நாட்டுக்கு வெளியே."

"சேவல் பேசுமா விகடரே?" என்று இளித்தார் தர்மசேனர்.

சாத்தனுக்கு அந்தச் சேவல்மீது நெடுநாளாகச் சந்தேகம். கூவாதது போகட்டும், அடிக்கடி வைக்கோல் மூலையைத் தேடிப் போய் ஏன் உட்கார்கிறது?

"பேசும் ஐயா. சபை நடுவில் வைக்கோலைப் பரப்பி, சாட்சியைப் பஞ்சாரக் கூடையால் மூடுங்கள். என்மேல் சந்தேகமென்றால் தாங்களே காவல் இருங்கள்."

தர்மசேனர் சாத்தனின் கைகளைக் கட்டச் சொன்னார். அப்போதும் மனம் ஆறாமல் அவன் தலைப்பாகையை அவிழ்த்து உதறிப் பார்த்தார். பிறகு பஞ்சாரத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார்.

உச்சிவேளையில் உள்ளிருந்து குரல் வந்தது. கூவல் அல்ல, கொக்கரிப்பு. மன்னரே பஞ்சாரத்தைத் தூக்கினார். வைக்கோலில் ஒரு முட்டை, இளஞ்சூட்டோடு.

"சாட்சி சொல்லிவிட்டது பிரபு" என்றான் சாத்தன். "தான் யாருக்கும் தகப்பன் இல்லையாம்."

"சில அபூர்வமான ராஜசேவல்கள்..." என்று ஆரம்பித்தார் தர்மசேனர்.

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். அமைச்சரின் சால்வையை உருவிச் சாத்தனுக்குப் போர்த்தினார். வண்ணக் குஞ்சுகளையும் அவனுக்கே கொடுத்தார். அப்படியானால் தகப்பன் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாத்தன் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் சேவலைப் பிடித்துக் கால்களைக் கழுவினான். நகத்திடுக்கில் அரண்மனை மதிலின் புதுச் சுண்ணாம்பு இருந்தது.